கண்டிப் பிரதேசத்து அரக்குப் பூச்சும் வேலையைப் புறத்தார்க்கு விடும் முறையும்: ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொழில் வரலாற்றை எழுதியோர் பொருளை ஆக்குபவனுக்கு அளித்த இடத்தை, அதன் மேற்புறத்தை முடித்துக் கொடுப்பவனுக்கு அளித்ததில்லை. ஈட்டியின் அலகை அடித்த கொல்லனைப் பற்றிப் பேசும் நூல்கள் அதன் கோலுக்குப் பூச்சிட்டவனைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து விடுகின்றன. ஆயினும் ஒரு பொருள் மழையிலும் வெயிலிலும் எத்தனை ஆண்டு நிலைத்து நிற்கும் என்பதைத் தீர்மானிப்பதில் மேற்பூச்சுக்குரிய பங்கு பெரிது. இரும்பைத் துருவினின்றும், செம்பைக் களிம்பினின்றும், மரத்தை ஈரத்தினின்றும் காப்பது அதுவே.

பூச்சு வேலைக்கு இன்னுமோர் இயல்பு உண்டு. பல நாடுகளிலும் அது பொருளை ஆக்கியவனின் பட்டறையை விட்டு வெளியே சென்று பிறிதொருவன் கையில் முடிவுறும் வேலையாக இருந்து வந்துள்ளது. தமிழகத்தில் செம்பு, பித்தளைப் பாத்திரங்களைச் செய்தவன் வேறு. அவற்றின் உட்புறத்துக்கு ஈயம் பூசியவன் வேறு. இன்று தளபாடங்களையும் வாகன உறுப்புக்களையும் செய்யும் தொழிற்சாலைகள் தம் பூச்சு வேலையை மூன்றாந் தரப்பினரான தனி நிறுவனங்களுக்கு விடுதல் பெருவழக்காகிவிட்டது. இதனை நவீன முகாமைத்துவத்தின் கண்டுபிடிப்பு என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதற்குப் பேராதனையைச் சூழ்ந்த மலைநாடே சான்று பகரும். கண்டி மன்னர் காலத்தில் பூச்சு வேலைக்கெனத் தனியூர்களும் தனிக் குடிகளும் இருந்தமையும், அரண்மனை அவ்வேலையை அவர்களிடம் விட்டுப் பெற்றமையும் வரலாற்று உண்மைகள்.

வேலையைப் புறத்தார்க்கு விடும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல் ஒன்று பூச்சு வேலையில் மிகக் கூர்மையாகத் தோன்றுகிறது. பூச்சின் குறை அது கையளிக்கப்படும் நாளில் தெரிவதில்லை. செம்மையாகப் பூசப்பட்டதும் அரைகுறையாகப் பூசப்பட்டதும் அன்று ஒன்றுபோலவே மினுங்கும். இரண்டு மாரி கழிந்த பின்னரே வேறுபாடு வெளிப்படும். அவ்வாறாயின், கண்ணுக்குத் தெரியாத செம்மைக்கு உறுதி யாது? இவ்வினாவுக்குக் கண்டி இராச்சியம் ஒருவகை விடை கண்டது. குடியேற்றக் காலத்து வணிகம் வேறொரு வகையில் நடந்துகொண்டது. இன்றைய தொழிற்சாலை பிறிதொரு வழியை நாடுகிறது. இம்மூன்றையும் ஒப்புநோக்கி, ஒவ்வொன்றிலும் பூசுபவன் பெற்றது யாது, இழந்தது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரக்கும் அதன் தன்மையும்

அரக்கு என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. பாரதக் கதையில் வரும் அரக்கு மாளிகையை அறியாத தமிழர் இலர். மரக்கிளைகளில் ஒட்டி வாழும் மிகச் சிறிய பூச்சியினம் ஒன்று, தன் உடலினின்றும் பிசினைச் சுரந்து தன்னையே மூடிக் கொள்கிறது. கிளையோடு சேர்த்து எடுக்கப்படும் இப்பிசினே கொம்பரக்கு எனப்படுவது. சீனத்திலும் யப்பானிலும் புகழ்பெற்ற அரக்குப் பூச்சு இதனின்றும் வேறானது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அங்கு பயன்படுவது ஒருவகை மரத்தின் பால். அது ஈரக் காற்றில் இறுகும் இயல்பினது. நம் நாட்டிலும் இந்தியாவிலும் பயன்படுவது பூச்சியின் பிசின். அது வெப்பத்தில் இளகிக் குளிர்ச்சியில் இறுகும். இவ்வேறுபாடே தொழில் முறை முழுவதையும் வேறாக்குகிறது.

இலங்கையில் அரக்குப் பூச்சி 'கெப்பெட்டியா' எனச் சிங்களவர் வழங்கும் செடியிலும் 'கோன்' மரத்திலும் காணப்படும். கெப்பெட்டியாவுக்கு லின்னேயசு இட்ட தாவரவியற் பெயர் 'அரக்கைத் தருவது' என்னும் பொருளுடையது. இலங்கையில் அரக்கு கிடைக்கும் என்பதை 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞரும் அறிந்திருந்தனர் என்பதற்கு அப்பெயரே சான்று. எனினும் உள்நாட்டு அரக்கு தேவைக்குப் போதவில்லை. இந்தியாவிலிருந்தும் அரக்கு தருவிக்கப்பட்டது.

கண்டி அரக்கு வேலையின் மரபான நிறங்கள் நான்கு: சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் சேர்க்கப்பட்டன. மஞ்சளோடு நீலம் கூட்டிப் பச்சை பெறப்பட்டது. விளக்குக் கரி கறுப்பைத் தந்தது. சாதிலிங்கம் என்னும் சொல் தமிழிலும் சிங்களத்திலும் ஒன்றாகவே வழங்குதல் மனங்கொளத்தக்கது. சரக்கு எவ்வழியால் வந்ததோ அவ்வழியாற் சொல்லும் வந்திருத்தல் கூடும்.

இருவகை வேலை

அரக்கு வேலை இரு வகையாக நடைபெற்றது. ஒன்று கடைசல் வேலை. மரத்தைக் கடைசற் பொறியிற் பூட்டிச் சுழற்றி வேண்டிய வடிவிற் கடைந்த பின், நிறமேற்றிய அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மீது அழுத்துவர். உராய்வினால் எழும் வெப்பத்தில் அரக்கு இளகி மரத்திற் பற்றிக் கொள்ளும். பின்னர் தாளிப்பனை ஓலை நறுக்கினால் அழுத்தித் தேய்க்க, பூச்சுச் சமமாகப் பரவி ஒளி பெறும். இந்தியாவிற் கருநாடகத்துச் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்கத்திலும் பொம்மைகளுக்கு அரக்கிடும் முறையும் இதனை ஒத்ததே.

மற்றையது நகவேலை. சிங்களத்தில் இது 'நியபொத்து' வேலை எனப்படும்; நியபொத்து என்பது நகம். கடைசற் பொறி இங்கு பயன்படுவதில்லை. கரி நெருப்பின் மீது அரக்கைக் காட்டி இளக்கி, மெல்லிய இழையாக நீட்டி, முன்னரே அடிநிறம் பூசிச் சூடேற்றப்பட்ட மரத்தின் மேல் ஒட்டி, வேண்டிய இடத்திற் பெருவிரல் நகத்தாற் கிள்ளி விடுவர். இவ்வாறு கொடிகளும் இதழ்களும் கோடுகளும் உருவாகும். கோலின் மேலும், ஏட்டுச் சுவடிகளுக்கு மேலுங் கீழுமாக வைக்கும் பலகைகளின் மேலும் இவ்வேலைப்பாட்டைக் காணலாம். மாத்தளைப் பகுதியின் ஹப்புவிட என்னும் ஊர் நகவேலைக்குப் புகழ் பெற்றது. தும்பறையைச் சேர்ந்த ஹூரிகடுவ கடைசல் வேலைக்குப் பெயர் பெற்றது. தெற்கே தங்காலைக்கு அண்மையிலுள்ள அங்கல்மடுவவிலும் அரக்கு வேலை நிகழ்ந்தது.

இவ்வேலைகளின் அருமை ஆயத்தத்திலேயே உள்ளது. அரக்கைத் துணிப்பையில் இட்டு நெருப்பிற் காட்டி முறுக்கிப் பிழிந்து கசடு நீக்க வேண்டும். பின்னர் மீண்டும் மீண்டும் இளக்கி இழுத்து அடித்து நிறத்தைச் சேர்க்க வேண்டும். மரம் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். உள்ளே ஈரம் எஞ்சியிருந்தால் மேலே பூசிய அரக்கு நாளடைவில் வெடித்துக் கழலும். இவற்றுள் எதனைக் குறைத்தாலும் முடிந்த பொருளின் தோற்றத்தில் உடனடியாக மாற்றம் தெரியாது. குறைத்தவனுக்கு மட்டுமே அது தெரியும்.

அரண்மனையும் ஊரும்

கண்டி இராச்சியத்திற் கைவினைஞர் நிலை எவ்வாறிருந்தது என்பதை அறியக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலும், இலங்கைப் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் ரல்ப் பீரிசு 1956இல் வெளியிட்ட கண்டிக்காலச் சமூக அமைப்புப் பற்றிய நூலும் பெரிதும் துணைபுரிவன. அவற்றின் வழி நாம் பெறும் சித்திரம் வருமாறு.

மன்னனின் நேரடித் தேவைக்கென நான்கு பட்டறைகள் இருந்தன. 'பட்டல் ஹத்தர' எனப்பட்ட அவை முடி, அணிகலன், பொற்படைக்கலம், சிங்காசனம் ஆகியவற்றின் பெயரால் வழங்கின. அவற்றிற் பணிபுரிந்தோர் பரம்பரை உரிமையும் சிறப்புப் பட்டமும் பெற்றனர். இவற்றுக்குப் புறம்பாக, திசாவனிகள் தோறும் பரந்திருந்த கைவினைஞரை 'கொட்டல்பத்த' என்னும் நிருவாகப் பிரிவு ஒன்றிணைத்தது. கொல்லர், தட்டார், தச்சர் முதலியோரோடு அரக்கு வேலை செய்தோரும் இதனுள் அடங்கினர். இவர்களுக்கு 'ஈவடுவோ' என்று பெயர். 'ஈ' என்பது அம்பு. 'வடுவா' என்பது தச்சன். அம்பும் வில்லும் ஈட்டிக் கோலும் செய்து அவற்றுக்கு அரக்கிட்டவர்கள் ஆதலின் அப்பெயர் பெற்றனர். கைவினைக் குடிகளுள் தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் இருந்தன என்று குமாரசுவாமி குறிப்பிடுகின்றார்.

கூலி பணமாகக் கொடுக்கப்படவில்லை. ஒவ்வொரு குடியும் ஒரு பங்கு நிலத்தை அனுபவித்தது. அந்நிலத்துக்கு உரிய கடமையாக வேலை செய்து கொடுத்தது. இதுவே இராசகாரியம் எனப்பட்ட ஊழிய முறையின் அடிப்படை. சிங்களத்தில் அந்நிலப் பகுதிக்குப் 'பங்குவ' என்றே பெயர். இச்சொல் தமிழ்ப் 'பங்கு' என்பதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. மன்னனுக்கு மட்டுமன்றி விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் பிரபுக்களுக்கும் உரிய ஊர்களிலும் இம்முறையே நிலவியது.

ஓர் ஈட்டியை எடுத்துக் கொள்வோம். அதன் அலகு கொல்லனின் வேலை. பூணுக்கு உலோகத் தொழிலாளி வேண்டும். கோலும் அதன் பூச்சும் ஈவடுவரின் வேலை. உறுப்புக்கள் வெவ்வேறு கைகளில் உருவாகி ஒரே படைக்கலத்திற் சேர்ந்தன. ஆக, வேலையைப் பகுத்துப் புறத்தார்க்கு விடும் முறை இங்கு முழுமையாகவே இயங்கியது. அரண்மனை தன் சுவர்களுக்குள் எல்லாவற்றையும் செய்ய முயலவில்லை. கரி, மரம், அரக்கு, திறமை ஆகிய நான்கும் எங்கு ஒருங்கே கிடைத்தனவோ அங்கு வேலையை விட்டது. கண்டி நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 மைல் தொலைவிலுள்ள மாத்தளைப் பகுதியின் ஓர் ஊர் நகவேலைக்கு நிலையான இடமாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத செம்மைக்கு இம்முறையில் உறுதி எங்கிருந்து வந்தது? பூசியவன் ஊரை விட்டுப் போகக் கூடியவன் அல்லன். அவன் உண்ட சோறு அந்த வேலைக்காக வழங்கப்பட்ட வயலில் விளைந்தது. அவன் தந்தை பூசிய கோலும் அவன் பூசிய கோலும் பெறுவோர் ஒருவரே. பத்தாண்டு கழித்துப் பூச்சுக் கழன்றால் அப்பழி எவ்வூரை, எக்குடியைச் சாரும் என்பது யாவருக்கும் தெரியும். குறை தாமதமாக வெளிப்படும் வேலைக்கு, நீண்ட காலம் நீடிக்கும் உறவே பொருத்தமான காவல். அத்தகைய உறவை நிலம் அளித்தது.

எனினும் இவ்வமைப்பைப் பொற்காலமெனப் போற்றுதல் வரலாற்று நோக்கிற்கு இசைவானதன்று. நிலத்தோடு சாதியும் பிணைந்திருந்தது. அரக்குத் தொழிலாளியின் மகன் வேறு தொழிலை நாடும் வாய்ப்பு அரிது. உணவு, உடை, இருக்கை ஆகியவற்றிலும் சாதிக்கேற்ற கட்டுப்பாடுகள் இருந்தன. தன் வேலையின் விலையைத் தான் கூறும் உரிமையும் அவனுக்கு இல்லை. அவன் பெற்றது பாதுகாப்பு. கொடுத்த விலை சுதந்திரம். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நோக்குவோர் வரலாற்றின் பாதியையே நோக்குகின்றனர்.

எல்லையை எங்கே இடுவது?

இவ்விடத்துத் தொழில்நுட்பம் சார்ந்த ஓர் உண்மையைச் சற்று விரித்து நோக்குதல் பயனுடைத்து. வேலையைப் பகுத்துக் கொடுக்கும் போது எல்லையை எங்கே இடுவது என்பதே முதன்மையான வினா.

கண்டி முறையில் எல்லை அலகுக்கும் கோலுக்கும் இடையே இடப்பட்டது. மரத்துக்கும் பூச்சுக்கும் இடையே இடப்படவில்லை. கடைசல் வேலையில் மரத்தைக் கடைபவனும் அரக்கை அழுத்துபவனும் ஒருவனே, பொறியும் ஒன்றே. உராய்வு வெப்பத்தினாலேயே அரக்குப் பற்றும் ஆதலின் இவ்விரு செயல்களையும் பிரிக்கத் தொழிலே இடங்கொடுப்பதில்லை. இதனால் ஒரு பெரும் நன்மை விளைந்தது. பூச்சு வெடித்தால், மரம் ஈரமாக இருந்தமையால் வெடித்ததா, அரக்குச் செம்மையாக ஆயத்தஞ் செய்யப்படாமையால் வெடித்ததா என்ற வழக்குக்கு இடமே இல்லை. இரண்டுக்கும் பொறுப்பு ஒருவனே.

இன்றைய தொழிற்சாலைகளில் எல்லை பெரும்பாலும் இதற்கு மாறாக இடப்படுகிறது. ஒரு நிறுவனம் இரும்பை வளைத்து ஒட்டுகிறது. மற்றொரு நிறுவனம் அதற்குப் பூச்சிடுகிறது. பூச்சுக் கழன்றதும் பூசியவன் இரும்பின் மேல் எண்ணெயும் துருவும் இருந்தன என்பான். கொடுத்தவன் துப்புரவு செய்வது பூசுபவன் கடமை என்பான். பூச்சுக்கள் பழுதுறுவதற்குப் பூச்சுப் பொருளின் குறையைக் காட்டிலும் மேற்பரப்பை ஆயத்தஞ் செய்வதில் நேரும் குறையே அடிக்கடி காரணமாகிறது என்பது இத்துறையினர் நன்கறிந்த செய்தி. அவ்வாறாயின் மேற்பரப்பை ஆயத்தஞ் செய்யும் வேலையும் பூசும் வேலையும் ஒரே கையில் இருத்தல் வேண்டும் என்பது தெளிவு. இப்பாடத்தை ஹூரிகடுவவின் கடைசற் பொறி நெடுங்காலமாகவே உணர்த்தி வந்துள்ளது.

1815ஆம் ஆண்டின் பின்

1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. கண்டி முடி பிரித்தானியர் வசமாயிற்று. அம்புக்கும் ஈட்டிக்கும் வேலை வழங்கிய அரண்மனை மறைந்தது. படைக்கலம் செய்வோர் என்ற பெயரைத் தாங்கிய குடிகள், படைக்கலத் தேவையே இல்லாத காலத்திற் புகுந்தனர்.

கோல்புறூக், கமரன் ஆகியோரின் விசாரணைகளைத் தொடர்ந்து 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. எனினும் விகாரை, தேவாலய நிலங்களிலும் தனியார்க்குரிய நிந்தகம நிலங்களிலும் ஊழியம் தொடர்ந்தது. 1870ஆம் ஆண்டின் சேவைக் காணிச் சட்டம் அவ்வூழியத்தைப் பணமாக மாற்றிச் செலுத்த வழி செய்தது. சேவைகளைப் பதிவு செய்ய ஆணையாளரும் நியமிக்கப்பட்டனர். ஊழியத்தை அளந்து விலை மதிப்பது என்ற கருத்து மலைநாட்டு ஊர்களுள் முறையாகப் புகுந்தது இக்காலத்தே எனலாம். வேலையாகச் செலுத்தப்பட்டது காசாகச் செலுத்தப்படலாயிற்று. செலுத்தக் காசு வேண்டுமாயின் வேலையைச் சந்தையில் விற்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரித்தை நிறுவ முடியாத காட்டு நிலங்களையும் சேனை நிலங்களையும் முடிக்குரியவை எனக் கொண்டது. கோப்பித் தோட்டங்களின் பொருட்டு மலைக்காடுகள் வெட்டப்பட்டன. மரத்துக்கும் கரிக்கும் அரக்குக்கும் காட்டை நம்பிய தொழிலொன்றுக்கு இம்மாற்றம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் இந்தியத் தமிழ்த் தொழிலாளரின் துயரையும் கண்டிச் சிங்களக் குடியானவரின் நிலவிழப்பையும் பேசுவர். கைவினைஞரின் மூலப்பொருள் இழப்பும் அக்கணக்கிற் சேர்க்கப்பட வேண்டியதொன்று.

வணிகன் வந்தான்

1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. பயணிகள் வந்தனர். ஈட்டிக் கோல் செய்த கைகள் ஊன்றுகோல், சிமிழ், பெட்டி முதலியவற்றைச் செய்யத் தலைப்பட்டன. கொடிக்கம்பு, ஆலவட்டத் தண்டு போன்ற சமயச் சடங்குப் பொருள்களுக்கான தேவை ஓரளவு எஞ்சியது. கண்டி வாவிக் கரையில், தலதா மாளிகைக்கு அண்மையில் இன்றும் காணப்படும் கண்டிக் கலைச் சங்கம் 1882இல் நிறுவப்பட்டது. நலிந்து வந்த கைப்பணிகளுக்கு வேலையும் விற்பனையும் தேடிக் கொடுத்தல் அதன் நோக்கமாயிற்று.

இக்காலத்தையே ஆனந்த குமாரசுவாமி கண்டார். 1877இற் கொழும்பிற் பிறந்த அவர் புவிச்சரிதவியலாளராகப் பயிற்சி பெற்று, இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டுத் துறையின் முதற் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை பணியாற்றினார். கல்லைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர் கலையைக் கண்டார். 1908இல் வெளிவந்த அவரது நூல் 425 பிரதிகளே அச்சிடப்பட்டது. வில்லியம் மொறிசின் கெல்ம்சுகொற் அச்சகத்திற் பயன்பட்ட பொறியிலேயே அது அச்சேறியது. அரக்கு ஆயத்தஞ் செய்யும் முறையையும் நகவேலையையும் கண்டு விரிவாக எழுதி வைத்தவர் அவர். நிலம் அளித்த பாதுகாப்பு அகன்ற பின் கலையின் தரம் வீழ்ந்தது என்பது அவர் துணிபு. அத்துணிபில் உண்மை உண்டு. ஆயின் அப்பாதுகாப்போடு பிணைந்திருந்த சாதித் தளையை அவர் மென்மையாகவே நோக்கினார் என்பதையும் கூறாதிருத்தல் ஆகாது.

வணிக முறையிற் பூச்சின் செம்மைக்கு உறுதி யாது? பொருளை வாங்குபவன் ஓர் அந்நியன். வாங்கிய மறுவாரமே கடல் கடந்து விடுவான். பூச்சுக் கழன்றால் அது இலண்டனிலோ சிட்னியிலோ கழலும். அச்செய்தி ஹப்புவிடவுக்கு வந்து சேராது. பொருளிற் பூசியவன் பெயரும் இல்லை. ஊர்ப் பெயரும் இல்லை. இடையே நின்ற வணிகனோ பொருளுக்கு இவ்வளவு எனத் துண்டுக் கணக்கிற் கூலி கொடுத்தான். துண்டுக் கணக்கு விரைவுக்குப் பரிசளிக்கும், ஆயத்தத்துக்குப் பரிசளிக்காது. மூன்று முறை இளக்க வேண்டிய அரக்கை ஒரு முறை இளக்குபவனுக்கும் அதே கூலி என்றால், மூன்று முறை இளக்குபவன் தன் பிள்ளைகளின் உணவைக் குறைத்தே செம்மையைக் காக்க வேண்டும். இந்நிலையில் தரம் வீழ்ந்ததற்குக் கைவினைஞனின் சோம்பலைக் காரணமாகக் கூறுவது அறமாகாது. இத்தனைக்கும் பின் நகவேலை அடியோடு மறையாமல் எஞ்சியமையே வியப்புக்குரியது.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கிழக்கு நாட்டு அரக்குப் பொருள்களைப் பின்பற்றி ஐரோப்பாவில் எழுந்த பூச்சுத் தொழில் 18ஆம் நூற்றாண்டிற் பேர்மிங்காம் நகரிற் பெரிதும் தழைத்தது. எழுத்துருக்களாற் புகழ்பெற்ற அச்சாளர் யோன் பாசுக்கவில் தம் செல்வத்தை முதலில் ஈட்டியது இப்பூச்சுத் தொழிலிலேயே. முதலீட்டாளன் பெயர் வரலாற்றில் நின்றது. அவனிடம் கூலிக்குப் பூசியோர் பெயர் நிற்கவில்லை. இந்திய அரக்கோ உலக வணிகப் பொருளாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கிராமபோன் இசைத்தட்டுக்கள் அரக்குக் கலவையாற் செய்யப்பட்டன. இராஞ்சிக்கு அண்மையில் நாம்கும் என்னுமிடத்தில் 1924இல் அரக்கு ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. பின்னர் செயற்கைப் பிசின்கள் அவ்விடத்தைக் கவர்ந்து கொண்டன.

சுதந்திரத்தின் பின் அரசு இத்துறையில் தலையிட்டது. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தேசிய அருங்கலைகள் பேரவைக்கும் அதனைச் சார்ந்த நிறுவனங்களுக்கும் வழிவகுத்தது; 'லக்சல' என்னும் பெயரில் அரச விற்பனை நிலையங்கள் இயங்கின. அரசு வணிகனின் இடத்தில் ஓரளவு நின்று, நியாய விலையையும் பயிற்சியையும் அளிக்க முயன்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் வாங்குபவனுக்கும் பூசுபவனுக்கும் இடையிலுள்ள தொலைவு இதனால் மட்டும் குறைந்துவிடவில்லை.

தாள் அளிக்கும் உறுதி

தும்பறைப் பள்ளத்தாக்கின் முகம் இன்று பெரிதும் மாறியுள்ளது. 1985இல் விக்டோரியா அணை செயற்படத் தொடங்கியபோது பழைய தெல்தெனிய நகர் நீருள் மூழ்கியது. பல்லேகலையிற் கைத்தொழிற் பேட்டை அமைந்தது. அரக்குக் குச்சி சுழன்ற அதே பள்ளத்தாக்கில் இன்று தொழிற்சாலைச் சங்கு ஒலிக்கிறது.

நவீன கைத்தொழில் பூச்சு வேலையைப் புறத்தார்க்கு விடும்போது நிலத்தையும் நம்பவில்லை, பெயரையும் நம்பவில்லை. எழுத்தை நம்புகிறது. பூச்சு எத்தனை மைக்குரோன் தடிப்பில் இருத்தல் வேண்டும், எவ்வெப்பத்தில் எத்தனை நிமிடம் சூடேற்றப்படல் வேண்டும் என்பன ஒப்பந்தத்தில் எழுதப்படுகின்றன. பூச்சின் மேற் குறுக்கும் நெடுக்கும் கீறி, அது எவ்வளவு கழல்கிறது என நோக்கும் சோதனை சர்வதேச நியமமாக வகுக்கப்பட்டுள்ளது. உப்பு நீரைப் பனிபோலத் தெளித்துத் துருப்பிடிக்கும் வேகத்தை அளக்கும் சோதனைக்கு அமெரிக்கச் சோதனைச் சங்கம் 1939இலேயே நியமம் வெளியிட்டது. பல ஆண்டுகளில் வெளிப்படவேண்டிய குறையைச் சில நாட்களில் வெளிப்படுத்துவதே இச்சோதனைகளின் நோக்கம். கண்டி மன்னன் நீண்ட உறவினாற் பெற்ற உறுதியை, இன்றைய நிறுவனம் விரைந்த சோதனையாற் பெற முயல்கிறது என்று சுருங்கக் கூறலாம்.

இதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. எழுதிய அளவு சாதி பார்ப்பதில்லை. எவன் பூசினாலும் அளவு ஒன்றே. ஆயினும் இரு குறைகள் எஞ்சுகின்றன. முதலாவது, சோதனை செய்யப்படுவது மாதிரித் துண்டு. மற்றவற்றுக்கு இன்னும் பூசுபவனின் மனச்சான்றே காவல். இரண்டாவது மிகப் பெரிது. வேலையைப் புறத்தார்க்கு விடும்போது அவ்வேலையின் இடரும் புறத்தார்க்கே விடப்படுகிறது. சாதிலிங்கத்தில் இரசமும் அரிதாரத்தில் ஆசனிக்கும் உள்ளன, இரண்டும் நஞ்சு. அவற்றை இடித்து அரக்கிற் சேர்த்தவன் பூசியவனே. கோலை ஏந்தியவன் அல்லன். இன்று குரோமிய முலாம் பூசும் தொட்டியினின்று எழும் ஆவி புற்றுநோயை விளைக்க வல்லது. இருகூட்டு வர்ணத்தை விசிறும்போது எழும் ஐசோசயனேற்றுத் துகள் ஈளை நோயைத் தரவல்லது. பெரிய தொழிற்சாலை தன் முற்றத்தில் வைத்திருக்க அஞ்சும் தொட்டியைச் சிறிய பட்டறை தன் பின்கட்டில் வைத்துக் கொள்கிறது. ஒப்பந்தத்திற் பூச்சின் தடிப்பு எழுதப்படுவதைப் போலப் பூசுபவனின் மூச்சுக்கும் ஒரு வரி எழுதப்படுகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று முறைகளின் இயல்பும் தெளிவாகும். மன்னர் காலத்திற் பூசுபவனுக்கு நிலம் இருந்தது. அதனை விட்டு விலகும் உரிமை இல்லை. வணிகர் காலத்தில் விலகும் உரிமை கிடைத்தது. நிலமும் பெயரும் பறிபோயின. இன்றைய முறையில் அளவும் எழுத்தும் கிடைத்துள்ளன. இடரோ பெரும்பாலும் அவன் பங்காகவே உள்ளது.

இம்மூன்றிலிருந்தும் கொள்ளத்தக்கன சில உள. வேலையைப் பகுப்போர் தொழிலின் இயல்பு நோக்கி எல்லையிடல் வேண்டும். மேற்பரப்பை ஆயத்தஞ் செய்தலும் பூசுதலும் பிரிக்கப்படலாகாது. பூசியவன் அல்லது பூசிய ஊரின் பெயர் பொருளோடு செல்லல் வேண்டும். பெயர் இருக்குமிடத்துச் செம்மை இருக்கும். கூலி, கண்ணுக்குத் தெரியும் துண்டுக்கு மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியாத ஆயத்தத்துக்கும் உரியதாக வேண்டும். இடர் உள்ள வேலையை விடுபவன் அவ்விடரைத் தடுக்கும் செலவிலும் பங்கு ஏற்றல் வேண்டும்.

மலைநாட்டுக் கைவினைகளின் வரலாறு அரசர், விகாரை, கலை என்ற கோணங்களிலிருந்து பெரிதும் எழுதப்பட்டுவிட்டது. உழைப்பு, ஒப்பந்தம், மூலப்பொருள் என்னும் கோணங்களிலிருந்து எழுதப்பட வேண்டியது இன்னும் மிகுதி. 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தயாரிக்கப்பட்ட சேவைப் பதிவேடுகள் இவ்வாய்வுக்கு வளமான மூலங்கள். ஹப்புவிடவும் ஹூரிகடுவவும் பேராதனையிலிருந்து ஒரு நாளிற் சென்று மீளக்கூடிய தொலைவிலேயே உள்ளன. அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கோலைக் கண்டு அதன் அழகை வியப்பதோடு அமையாது, அதனைப் பூசியவன் எந்நிபந்தனையிற் பூசினான் என்றும் கேட்கும் மாணவர் தலைமுறையொன்று எழுமாயின், அவ்வூர்களின் வரலாறு மட்டுமன்றி இன்று பட்டறைகளில் முகத்தை மூடித் துணி கட்டி நின்று பூசும் தொழிலாளியின் நிலையும் தெளிவு பெறும்.